“வேண்டாம் பிள்ளை, தாகமில்லை”

கேள்வி: வணக்கம் டொக்டர். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். 23 பேர் இருக்கிறார்கள். பகலில் மூன்று பேர் வேலைக்கு நிற்போம், இரவில் ஒருவர்தான். இந்த ஆவணியில் மட்டும் மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூவருக்கும் “உடம்பில் தண்ணி இல்லை” என்று சேலைன் ஏற்றினார்கள். அதில் 84 வயது அம்மா ஒருவர் இரண்டு நாளாக மாறாட்டமாகக் கதைத்தார். அறளை பெயர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். சேலைன் ஏறிய மறுநாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பி வந்து பத்து நாளில் மறுபடியும் அதே நிலை. தண்ணீர் நீட்டினால் “வேண்டாம் பிள்ளை, தாகமில்லை” என்கிறார். தினமும் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) கரைத்துக் கொடுக்கலாமா? இல்லத்திலேயே சேலைன் ஏற்ற ஒருவரை ஒழுங்கு செய்யலாமா? இருதய வருத்தமுள்ள ஒரு ஐயாவுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரை என்ன செய்வது?

பதில்: அன்புள்ள தங்கச்சி, அந்த அம்மா உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அறளை ஒரு கிழமையில் பெயராது. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. நேற்றுவரை உங்களை அடையாளம் கண்டவர் இன்று காணவில்லையென்றால், அது உடம்பில் வேறொரு வருத்தம் இருப்பதற்கான அறிகுறி. நீரிழப்பு, சலத்தில் கிருமி, நிமோனியா, சீனி ஏறுவது அல்லது இறங்குவது, புதிதாகத் தொடங்கிய ஒரு குளிசை, நாட்கணக்கில் மலம் போகாமல் இருப்பது, பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். சில வேளை இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். “வயது போனால் அப்படித்தான்” என்று விட்டுவிடுவதால்தான் பலர் எங்களிடம் பிந்தி வருகிறார்கள். நீங்கள் கொண்டுபோனீர்கள், அதனால் அவர் பிழைத்தார்.

இனி அவர் சொல்கிற “தாகமில்லை” என்ற பேச்சைப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை. வயது போகப்போக மூளையில் தாகத்தை உணர்த்துகிற இடம் மந்தமாகிவிடும். இளம் ஆள் ஒருவருக்குத் தொண்டை காய்ந்து தவிப்பு வரும் அளவுக்கு இரத்தம் தடித்த பிறகும், எண்பது வயதுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. சிறுநீரகமும் அப்படித்தான். தண்ணீர் குறைந்த நேரத்தில் சலத்தை இறுக்கி நீரை மிச்சம் பிடிக்கும் அதன் திறன் குறைந்துவிடும். தசை வற்றிப்போவதால் உடம்பில் தண்ணீர் நிற்கிற இடமும் சுருங்கும். இளவயதில் உடல் எடையில் ஏறக்குறைய 60 வீதம் தண்ணீர். முதுமையில், முக்கியமாகப் பெண்களில், அது பாதிக்கும் கீழே போகலாம். கையிருப்பே குறைவு என்பதால் சோளகம் வீசுகிற வெயிலில் இரண்டு நாள் ஒழுங்காகக் குடிக்காமல் விட்டாலே விழுந்துவிடுவார்கள். ஆகவே “தாகமாக இருக்கிறதா அம்மா?” என்று கேட்டுத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. அந்தக் கேள்விக்கு இல்லை என்ற பதில்தான் வரும்.

ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் வன்னியில் ஒரு இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போய்வந்தேன். அங்கே ஒரு அம்மாவுக்கு ஒன்றரை மாதத்தில் இரண்டு தரம் சேலைன் ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் தரம் அப்படி ஆகக்கூடாது என்று, நாளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று கொப்பியில் பெரிதாக எழுதிக் கோடும் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது பின்னேரம் மூன்று மணி. கட்டில் ஓரத்தில் எவர்சில்வர் பேணி, காலையில் ஊற்றிய தண்ணீர் விளிம்புவரை அப்படியே. மேலே ஒரு நுளம்பு மிதந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பை அந்தத் தண்ணீரில் தொட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: “குடிச்சால் போகவேணும் தம்பி. அந்தப் பிள்ளை இரவிரவாக எழும்பி எழும்பிக் களைச்சுப்போகுது.”

மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால் இருந்தது. இரண்டு படி இறங்கவேண்டும், பிடிக்கக் கம்பி இல்லை, இரவில் வெளிச்சமும் இல்லை. நான் கொப்பியில் எழுதிவிட்டு வந்த கணக்கு அந்த இரண்டு படியில்தான் தடுக்கி விழுந்திருந்தது.

உங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எங்கள் ஊர் அம்மாமாருக்கு அடுத்தவரைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்பது இரத்தத்தில் ஊறியது. 2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, ஒரு வாளியைக் குடும்பமே பங்கிட்டு, தன் பங்கைப் பேரப்பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இவர்கள். இரவுக்கு முன் மலசலகூடம் போய்விட்டு, அதற்குப் பிறகு விடியும்வரை அடக்கிக்கொள்ள அங்கேயே பழகியவர்களும் இருக்கிறார்கள். “வேண்டாம் பிள்ளை” என்ற இரண்டு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கலாம்.

ஆகவே தண்ணீரைக் கூட்டுவதற்கு முன் மலசலகூடத்துக்கு வழி பண்ணுங்கள். கட்டில் அருகே ஒரு கொமோட் கதிரை, நடைவழியில் இரவு முழுக்க எரியும் சிறிய பல்ப், பிடித்து நடக்க ஒரு கம்பி, தலைமாட்டில் கைக்கு எட்டும் ஒரு மணி. பிறகு, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், பகலில் இரண்டு மூன்று மணிக்கொருதரம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். “போகவேணுமா?” என்று கேட்பதைவிட “வாங்கோ அம்மா, ஒருக்கால் போய்விட்டு வருவம்” என்று கையைப் பிடியுங்கள். நான் சொன்ன இல்லத்தில் ஒரு கொமோட் கதிரையும் ஒரு மணியும் வந்த பிறகுதான் அந்தப் பேணி காலியாகத் தொடங்கியது. என் மருந்துச் சீட்டால் நடக்காதது அது.

சரி, எவ்வளவு கொடுப்பது? முதியவர்களுக்கு ஐரோப்பிய போசணை நிபுணர்கள் வகுத்த அளவு, பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லீற்றர், ஆண்களுக்கு 2 லீற்றர். இது சோறு கறியில் இருக்கும் நீரைச் சேர்க்காமல், குடிப்பவை மட்டும். எங்கள் வெயிலுக்கு, காய்ச்சலோ வியர்வையோ இருக்கும் நாளில், இன்னும் வேண்டும். உங்கள் பேணி எவ்வளவு கொள்ளும் என்று ஒரு லீற்றர் போத்தலால் ஒருமுறை அளந்து பாருங்கள். 200 மில்லிலீற்றர் கொள்ளுமென்றால் அம்மாவுக்கு எட்டுப் பேணி, ஐயாமாருக்குப் பத்து. ஆனால் நிறைத்துக் கொடுக்காதீர்கள். நடுங்குகிற கைக்கு நிறைந்த பேணி பயம், சிந்திவிட்டால் வெட்கம். அரைப் பேணியாகப் பதினாறு தரம் கொடுத்தால் அவர்களுக்குத் தெரியாமலே உள்ளே போய்விடும். கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து இரண்டு கதை கதையுங்கள்.

தண்ணீர் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தேத்தண்ணீர் உடம்பை வறட்டும் என்று பலர் நம்புகிறார்கள், வழமையாகக் குடிக்கும் அளவில் அது வறட்டாது. பிளேன்ரீயும் பால்தேத்தண்ணீரும் கணக்கில் சேரும். மோர், அரிசிக்கஞ்சி, மல்லித்தண்ணீர், தேசிக்காய்த் தண்ணீர், ரசம் எல்லாம் சேரும். மத்தியானச் சோற்றுக்குச் சொதியைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். வத்தகப்பழம், வெள்ளரிப்பழம் பருவத்தில் பின்னேரம் ஒரு துண்டு. எந்த அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் வேண்டாமென்பவர் பனங்கட்டியோடு பிளேன்ரீ என்றால் எழும்பி இருப்பார். சீனி வருத்தக்காரருக்கு மட்டும் பனங்கட்டியும் சீனியும் இல்லாமல்.

தண்ணீரின் ருசியையும் ஒருக்கால் யோசியுங்கள். வன்னியில் பல இடத்தில் கிணற்றுத் தண்ணீர் உவர். வடிகட்டிய தண்ணீர் வந்த பிறகு அது சப்பென்று இருக்கிறது என்று வயதானவர்கள் ஒதுக்குகிறார்கள். தன் வளவுக் கிணற்றில் அறுபது வருடம் குடித்த நாக்கு அது. வடிகட்டிய தண்ணீரையே மண்பானையில் ஊற்றி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். குளிர்ச்சிக்காகவே இன்னொரு மிடறு இறங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, எட்டுப் பேணியில் ஆறை மாலை ஐந்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். விடிய எழும்பியதும் ஒன்று, காலைக் குளிசையோடு இரண்டு அரைப் பேணி. குளிசைக்கு எல்லாரும் மறுக்காமல் குடிப்பார்கள், அந்த நேரத்தை வீணாக்கி ஒரு மிடறோடு விடாதீர்கள். இரவில் குறைவாகக் கொடுக்கலாம், நிற்பாட்டக்கூடாது. விரத நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், பிறகு ஆடி அமாவாசை என்று எங்கள் விரதங்கள் சில நல்ல வெயில் காலத்தில்தான் வருகின்றன. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் அம்மாமாருக்கு இளநீரோ பாலோ எடுத்து விரதம் இருக்கலாம் என்று அவர்கள் மதிக்கிற ஒருவரைக்கொண்டு, கோவில் ஐயரைக்கொண்டாவது, சொல்விப்பது நல்லது. நீங்களும் நானும் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

ஜீவனிக்கு வருகிறேன். தினமும் கொடுக்கவேண்டாம். ஜீவனி வயிற்றோட்டத்துக்கும் சத்திக்கும் உரிய மருந்து. அப்போது உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போகிறது, அதனால் இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். உங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறு. அவர் குடிக்காமல் விட்டதால் தண்ணீர் மட்டும் குறைந்து, இரத்தத்தில் உப்பு ஏற்கெனவே தடித்துப்போய் இருக்கிறது. அவருக்கு வேண்டியது தண்ணீரும் தேத்தண்ணீரும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த இந்தக் கரைசல் ஒரு லீற்றரில் இருக்கும் சோடியம், ஏறக்குறைய 4.4 கிராம் கறியுப்பில் இருக்கும் அளவு. ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குள் உப்பு என்று அதே நிறுவனம்தான் சொல்கிறது. பிரஷரும் இருதய வருத்தமும் உள்ளவருக்கு இதைத் தினமும் ஊற்றினால் கால் வீங்கும், மூச்சு முட்டும்.

வயிற்றோட்டம் வந்தால் மட்டும் தயங்காமல் கொடுங்கள். ஒரு பைக்கற் முழுவதையும் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். அரைப் பைக்கற்றை ஒரு கிளாஸில் குத்துமதிப்பாகப் போடுவது வேண்டாம், உப்பு கூடிவிடும். ஒவ்வொரு தரம் போன பிறகும் ஒரு பேணி, கரண்டி கரண்டியாக. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் ஊற்றிவிடுங்கள்.

இளநீரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பார்க்க வருபவர்கள் எல்லாம் இரண்டு இளநீரோடுதான் வருகிறார்கள். நல்ல பானம், ஆனால் அதில் பொட்டாசியம் கூட. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும், பிரஷர், இருதயக் குளிசைகளான லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்ரோன் எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏறினால் இருதயத் துடிப்பே குழம்பும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு இளநீர் கொடுப்பதைக் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சேலைனை இல்லத்தில் ஏற்ற ஆள் ஒழுங்கு செய்யவேண்டாம். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். இரத்தத்தில் சோடியம் எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, இருதயம் தாங்குமா என்று பார்க்காமல் நாளத்தில் நீரை விடுவது ஆபத்து. நாட்கணக்கில் வறண்டு சோடியம் ஏறியவருக்கு அதை ஒரே மூச்சில் இறக்கினால் தண்ணீர் மூளைக் கலங்களுக்குள் பாய்ந்து மூளை வீங்கும், வலிப்பும் வரும். 24 மணி நேரத்தில் சோடியம் லீற்றருக்கு 10 மில்லிமோலுக்கு மேல் இறங்காமல் நாங்கள் இரத்தம் எடுத்து எடுத்துப் பார்ப்பது அதனால்தான். ஆஸ்பத்திரியில் “ஏன் இவ்வளவு மெல்லமாய் விடுகிறார்கள்” என்று கோபம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறொரு வழியும் உண்டு. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் ஒரு மெல்லிய ஊசியை வைத்து, மணிக்கு 60 மில்லிலீற்றர் அளவில் சொட்டுச் சொட்டாக நீரை விடுவது. நாளம் தேடிக் குத்திக் கையெல்லாம் கறுக்கத் தேவையில்லை, இரவில் விட்டுக் காலையில் கழற்றலாம். பல நாடுகளில் முதியோர் இல்லங்களிலேயே தாதியர் செய்கிறார்கள். நடுத்தர அளவு நீரிழப்புக்கு நல்ல முறை. ஆனால் இதற்கும் டொக்டரின் கட்டளையும் பயிற்சியுள்ள தாதியும் வேண்டும். உங்கள் இல்லத்துக்கு வந்துபோகும் டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஐயா விஷயம். இருதயம் பலவீனமானவருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது வழமை. ஆனால் “குறையுங்கள்” என்பது ஒரு அளவு அல்ல. ஒன்றரை லீற்றரா, ஒரு லீற்றரா என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அது உச்ச அளவு மட்டுமல்ல, அந்த அளவு கட்டாயம் போகவும் வேண்டும். குறைக்கச் சொன்னார்கள் என்று அரை லீற்றரோடு விட்டு, மேலே சலத்தைக் கூட்டும் தண்ணிக் குளிசையும் கொடுத்தால் அவரும் வறண்டுவிடுவார். அவரைத் தினமும் காலையில், சலம் போன பிறகு, சாப்பிட முன், நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோ இறங்கினால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. இரண்டு கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது. இரண்டுக்கும் டொக்டருக்குத் தகவல் போகவேண்டும்.

மற்ற எல்லாரையும் கிழமைக்கு ஒருதரம் நிறுத்தால் போதும். தராசை நான் இவ்வளவு நம்புவதற்குக் காரணம், நாங்கள் படித்த மற்ற அடையாளங்கள் முதியவர்களில் ஏமாற்றும். தோலைக் கிள்ளிப் பார்ப்பது குழந்தைகளுக்குச் சரி. எண்பது வயதுத் தோல் தண்ணீர் நிறைய இருந்தாலும் கூடாரம்போல நிற்கும். வாய் காய்வது வாயால் மூச்சு விடுவதாலும் வரும், குளிசையாலும் வரும். சலத்தின் நிறத்தைக்கூட விற்றமின் குளிசை மாற்றிவிடும். அவரது வழமையிலிருந்து மாற்றம் உண்டா என்று பாருங்கள். வழமையாகக் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பவர் பகலில் தூங்குகிறாரா, எழும்பும்போது தள்ளாடுகிறாரா, அரைச் சாப்பாட்டோடு தட்டைத் தள்ளுகிறாரா, உடுப்பு நனைவது குறைந்திருக்கிறதா. சந்தேகம் வந்தால் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், யூரியா, சீனி நான்கையும் பார்க்கவேண்டும். அதிலிருந்து இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று டொக்டர் கணக்குப் போடுவார்.

அரைகுறை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அது நேரே நெஞ்சுக்குள் போய் நிமோனியா ஆகும். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சலம் போகவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, குடித்தது எல்லாம் சத்தியாகிறது, நிற்கவைத்தால் விழுகிறார், இவற்றில் ஒன்று இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் 1990க்கு அழையுங்கள். பாரிசவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவருக்குக் கஞ்சிபோலத் தடித்த பானமாக, நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால் கொடுங்கள். எவ்வளவு தடிப்பு என்பதை ஒரு முறை ஆஸ்பத்திரியில் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக, உங்கள் அம்மா பத்து நாளில் மறுபடி விழுந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆஸ்பத்திரியால் வந்ததும் பழைய குளிசைகள் எல்லாவற்றையும் அப்படியே தொடங்கியிருப்பீர்கள். அவரது கொப்பியை எடுத்து, பிரஷருக்கென்று பிறுசமைட் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைட் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் நீரை வெளியேற்றுபவை. இருந்தால் நீங்களாக நிற்பாட்டவேண்டாம். இந்தக் கிழமையே கொப்பியோடு போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த அம்மாவுக்கு இந்தக் குளிசை இன்னும் வேண்டுமா? சத்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வந்து குடிக்காத நாளில், லொசாட்டன், சீனி வருத்தத்துக்கான மெற்போமின், மூட்டு வலிக்குப் போடும் டைக்குளோபினாக் உட்பட எந்தெந்தக் குளிசையை நிறுத்திவைப்பது? பதிலைக் கொப்பியின் முதல் பக்கத்தில் டொக்டரின் கையாலேயே எழுதி வாங்குங்கள், இரவு வேலைக்கு வரும் பிள்ளைக்கும் தெரியட்டும். பிறுசமைட் தொடரவேண்டுமென்று சொன்னால் அதைக் காலையில் கொடுங்கள். பின்னேரம் கொடுத்தால் இரவு முழுக்க அவர் எழும்பவேண்டிவரும், மறுநாள் மறுபடியும் “வேண்டாம் பிள்ளை” என்பார்.